ஜன்னலோர இருக்கைக்கு எந்த விதிநூல்?

ரோல்பிளேயிங் கேம்களின் பெரிய விதிநூல்களைப் பயணத்தில் வாசிக்க எடுத்துப் போக வேண்டாம் என்பது என் கட்சி. டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் விளையாட்டின் 2014 ப்ளேயர்ஸ் ஹேண்ட்புக் 320 பக்கம். பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பின் கோர் ரூல்புக் 640 பக்கம். இரண்டும் எனக்கு மிகவும் பிடித்த புத்தகங்கள். வீட்டு மேசையில், பக்கத்தில் ஒரு கொப்பியும் பென்சிலும் வைத்துக்கொண்டு வாசிக்க அவற்றுக்கு நிகரில்லை. ஆனால் வெள்ளவத்தையில் ஏறி யாழ்ப்பாணம் போகும் இரவு பஸ்ஸிலும், கோட்டையிலிருந்து பதுளைக்கு ஏறும் ரயிலிலும் வேண்டியது வேறு வகைப் புத்தகம். போனிலோ டேப்பிலோ பத்து நிமிடம் வாசித்து, திரையை அணைத்துவிட்டு, அடுத்த ஒரு மணி நேரம் வெளியே பார்த்தபடி யோசிக்க வைக்கும் புத்தகம். இந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான் நான் இப்போது எதையும் தெரிவு செய்கிறேன்.

ரோல்பிளேயிங் கேம் என்றதும் இங்கே பலருக்கு கொம்பியூட்டர் விளையாட்டுத்தான் ஞாபகம் வரும். நான் சொல்வது மேசையைச் சுற்றி இருந்து வாயால் விளையாடும் விளையாட்டு. ஒருவர் கேம் மாஸ்டர். உலகத்தையும் அதில் வரும் ஆட்களையும் அவர் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். முடிவு எப்படியும் போகலாம் என்ற இடத்தில் டைஸ் உருட்டுவோம். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதிய டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் அமெரிக்காவில் வெளிவந்ததிலிருந்து இந்த வகை விளையாட்டுகள் ஆயிரக்கணக்கில் வந்துவிட்டன.

இவற்றை விளையாடாமலே வாசித்து மகிழ்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். எங்கள் கொழும்புக் குழுவில் பாதிப்பேர் வெளிநாடு போய்விட்டார்கள். டிஸ்கோர்ட் செயலியில் கூடலாம் என்றால் ஒருவருக்கு விடிகாலை, இன்னொருவருக்கு வேலை நேரம். அதனால் விளையாடுவதைவிட வாசிப்பதுதான் எனக்கு இப்போது அதிகம். அதில் ஒரு குறையும் தெரியவில்லை. நாவலில் நடந்தது எழுதியிருக்கும். இந்தப் புத்தகங்களில் நடக்கக்கூடியது எழுதியிருக்கும். மிச்சத்தை நாம் போட்டு நிரப்ப வேண்டும். பயணத்தில்தான் அதற்கு நேரம் கிடைக்கிறது.

சரி, முதலில் பக்கத்தின் அளவு. புத்தகம் எவ்வளவு நல்லது என்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது இதுதான். அமெரிக்கப் பதிப்பாளர்களின் பிடிஎஃப் கோப்புகள் பெரும்பாலும் லெட்டர் அளவில் இருக்கும். 216 மில்லிமீற்றர் அகலம், 279 உயரம். அதில் இரண்டு பத்திகளாக, பொடி எழுத்தில் அடித்திருப்பார்கள். அதைப் போனில் திறந்தால் முழுப் பக்கமும் தெரியும், ஒரு சொல்லும் தெரியாது. விரலால் பெரிதாக்கி இடது பத்தியின் அடிவரை இறங்கி, பிறகு மேலே ஏறி வலது பத்தியைப் பிடிக்க வேண்டும். அதற்குள் பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்தால் எங்கே வாசித்தோம் என்பதே போய்விடும். அதற்கு மேல் பழைய தோல் காகிதம் போலத் தெரிவதற்காகப் பக்கம் முழுக்க ஒரு பின்னணிப் படம் வேறு போட்டிருப்பார்கள். அது அழகாகத்தான் இருக்கும். ஆனால் சாதாரண போன் ஒவ்வொரு பக்கத்தையும் திறக்கத் திணறும், பற்றரியும் சீக்கிரம் இறங்கும். பல பதிப்பாளர்கள் அச்சிடுவதற்கென்று பின்னணி இல்லாத ஒரு கோப்பையும் சேர்த்துத் தருகிறார்கள். பயணத்துக்கு எடுக்க வேண்டியது அதைத்தான்.

10 அங்குல டேப் இருந்தால் லெட்டர் அளவைச் சமாளிக்கலாம். கிண்டில் போன்ற மின்தாள் கருவிகளில் இந்தப் பெரிய கோப்புகள் படாத பாடு படுத்தும். கேஓரீடர் என்ற இலவச செயலியில் இரண்டு பத்திகளையும் பிரித்து, ஒரு பத்தியாக ஓடவிடும் வசதி இருக்கிறது. அட்டவணை இல்லாத பக்கங்களுக்கு அது நன்றாக வேலை செய்கிறது. திரைக்கேற்ப எழுத்து ஓடும் ஈபப் வடிவம் கிடைத்தால் எழுத்துப் பகுதிக்கு அதைவிட வசதி இல்லை. ஆனால் இந்தப் புத்தகங்களின் உயிரே டைஸ் உருட்டிப் பார்க்கும் அட்டவணைகளில்தான் இருக்கிறது, சின்னத் திரை ஈபப்பில் அட்டவணை குலைந்துபோகும். போனில் மட்டும் வாசிப்பவர்களுக்கு என் பரிந்துரை ஏ5 அளவில், ஒரே பத்தியில் வடிவமைத்த புத்தகங்கள். 148க்கு 210 மில்லிமீற்றர். போனைக் கிடையாகப் பிடித்தால் எழுத்து கண்ணுக்குச் சுகமாக வந்து நிற்கும்.

இந்த வகை விளையாட்டுகளின் முதல் புத்தகங்களில் சில சிறிய அளவில்தான் வந்தன என்பது எனக்குப் பிடித்த ஒரு செய்தி. 1974 டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு கையேடுகள். 1977இல் மார்க் மில்லர் எழுதிய ட்ராவலர் என்ற விண்வெளி விளையாட்டும் மூன்று சிறு கறுப்புக் கையேடுகள். தாளை இரண்டாக மடித்த அளவு. அவற்றின் பிடிஎஃப் பிரதிகள் இன்றைய போனில் நன்றாகப் பொருந்துகின்றன. பின்னால் வந்த பளபளப்பான பெரிய பதிப்புகளுக்கு அந்தப் பொருத்தம் இல்லை.

ட்ராவலரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். பயணத்துக்கு அதைவிடப் பொருத்தமான விளையாட்டுப் புத்தகத்தை நான் இன்னும் கண்டதில்லை. அதில் ஒரு முழு உலகத்தையும் ஒரே வரியில் எழுதும் முறை ஒன்று இருக்கிறது. முதலில் ஒரு எழுத்து, விண்கப்பல் துறைமுகத்தின் தரத்துக்கு. அதன்பிறகு வரிசையாக உலகத்தின் அளவு, காற்று மண்டலம், நீர்ப்பரப்பு, சனத்தொகை, ஆட்சி, சட்டத்தின் இறுக்கம். கடைசியில் ஒரு கோடு போட்டுத் தொழில்நுட்ப நிலை. எல்லாமே டைஸ் உருட்டி வரும் எண்கள். உதாரணத்துக்கு சி200416-8 என்று வந்தால், துறைமுகம் நடுத்தரம், சுத்திகரிக்காத எரிபொருள் மட்டும் கிடைக்கும். 2 என்றால் 2,000 மைல் விட்டம், அதாவது ஏறக்குறைய 3,200 கிலோமீற்றர், நம் நிலாவைவிடச் சற்றுச் சிறியது. காற்று பூச்சியம். தண்ணீர் பூச்சியம். அடுத்த 4 பத்தாயிரக் கணக்கில் மக்கள். அதற்கடுத்த 1 ஆட்சி ஒரு கம்பனியின் கையில். 6 ஷொட்கன் தவிர மற்றத் துப்பாக்கிகளுக்கெல்லாம் தடை. தொழில்நுட்பம் இன்றைய பூமியை ஒட்டியது.

இவ்வளவுதான் புத்தகம் தரும். காற்றும் தண்ணீரும் இல்லாத இடத்தில் ஏன் அத்தனை ஆயிரம் பேர் இருக்கிறார்கள்? எதற்காக ஒரு கம்பனி அங்கே போனது? இதற்கு டைஸ் பதில் சொல்லாது. நாம்தான் சொல்ல வேண்டும். கையேட்டை மூடிவிடலாம், அந்த ஒரு வரி போதும்.

இப்படி ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் ஒருமுறை பதுளை ரயிலில் ஹட்டனைத் தாண்டிக்கொண்டிருந்தேன். டேப்பில் அறுகோணக் கட்டங்கள் போட்ட நட்சத்திர வரைபடம் திறந்திருந்தது. எதிரே தலவாக்கலையில் இறங்கவிருந்த ஒரு அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்னா புள்ள அது, தேன்கூடு மாதிரி இருக்கு?"

ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு உலகம் என்றும், இந்த உலகத்தை ஒரு கம்பனி ஆள்கிறது, அங்கே தண்ணீர் கிடையாது என்றும் சொன்னேன்.

"அப்ப குடிக்க?"

"வெளியிலயிருந்து கொண்டுவர வேணும், அம்மா."

"யாரு குடுப்பா? கம்பெனியா?"

"ஓம்."

"அப்ப அங்கயும் தண்ணிக்குத்தான் சண்டை வரும்," என்றார். அப்புறம் தங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு மேலே இருந்த பீலியைப் பற்றியும், வறட்சிக் காலத்தில் அங்கே வரிசையில் நிற்பது பற்றியும், யார் முதலில் பிடிப்பது என்பதில் எழும் மனஸ்தாபங்களைப் பற்றியும், தண்ணீர்க் குழாய் போட்டுத்தருவதாக வந்துபோன ஆட்களைப் பற்றியும் தலவாக்கலை வரும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

1823இல் தொடங்கியதாகக் கொள்ளப்படும் மலையகத் தமிழரின் வரலாற்றுக்கு 2023இல் 200 ஆண்டு நினைவுகூர்ந்தோம். தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் பிராந்தியத் தோட்டக் கம்பனிகளிடம் போனது. இதெல்லாம் பத்திரிகையில் வாசித்துத் தெரிந்தவை. கம்பனி ஆளும் இடத்தில் ஒரு குடம் தண்ணீர் எப்படி வருகிறது என்ற கேள்வியை என் விளையாட்டுக்குள் கொண்டுவந்தவர் அந்த அம்மா. பதுளை போய்ச் சேருமுன் அந்த உலகத்தில் தண்ணீர்க் கணக்கெழுதும் ஒரு கிளார்க், குழாயின் பூட்டை வைத்திருக்கும் ஒரு மேற்பார்வையாளர், துறைமுகத்தில் பனிக்கட்டி இறக்கும் தொழிலாளர் சங்கம் எல்லாம் உருவாகிவிட்டன. இன்றைக்கும் எங்கள் குழு கூடும்போது போகும் உலகம் அதுதான். நடுத்தரமான துறைமுகம் என்பதால் எரிபொருளுக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது, காத்திருக்கும் நேரத்தில் சங்கத்துக்காரர்கள் வந்து பேசுகிறார்கள். எல்லாம் அந்த ஒரு வரியிலிருந்து வந்தவை.

இரவு பஸ் வேறு கதை. வெள்ளவத்தையில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் லைட்டை அணைத்துவிடுவார்கள். ஏசி குளிரும், முன்னால் படம் ஓடும் சத்தமும், வெளியே இருட்டும். ஜன்னலில் பார்க்க ஒன்றுமில்லை. அங்கே எனக்குத் தனியாக விளையாடும் கதைகள்தான் சரிவருகின்றன. எண்ணிட்ட பத்திகள், ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு தெரிவு, இதைச் செய்தால் அந்த எண்ணுக்குப் போ. 1981இல் கேயோசியம் நிறுவனம் வெளியிட்ட கோல் ஒஃப் கத்துலு என்ற திகில் விளையாட்டுக்கு அலோன் அகென்ஸ்ட் த ஃப்ளேம்ஸ் என்று அப்படி ஒரு தனியாள் கதை இருக்கிறது. பிடிஎஃப் இலவசம். விதிகள் தெரியாமலே தொடங்கலாம். கதை போகப் போகப் பாத்திரத்தையும் உருவாக்கி, விதிகளையும் சொல்லித்தருவார்கள். நீங்கள் ஆர்க்கம் நகரத்தில் ஒரு புதிய வேலைக்காக பஸ்ஸில் போகிறீர்கள், வழியில் எம்பர்ஹெட் என்ற கிராமத்தில் மாட்டிக்கொள்கிறீர்கள். அதற்கு மேல் சொல்ல மாட்டேன். இருட்டில் ஓடும் பஸ்ஸில் இருந்து இதை வாசித்தால், தேநீருக்காக எங்காவது நிறுத்தும்போது இறங்கத் தயக்கம் வருகிறது. திகில் கதை பிடிப்பவர்களுக்கு அந்த அனுபவம் கட்டாயம் வேண்டும். பக்கத்தைக் கறுப்பாகவும் எழுத்தை வெள்ளையாகவும் மாற்றி வைத்துவிடுங்கள், பக்கத்து இருக்கைக்காரரின் தூக்கத்துக்கு அது நல்லது.

டைஸ் பற்றிக் கேட்பார்கள். ஓடும் வண்டியில் டைஸ் உருட்டினால் இருக்கைக்கு அடியில்தான் தேட வேண்டும். டைஸ் செயலிகள் ஏராளம். நான் போனின் ஸ்டொப்வாட்சையே பயன்படுத்துகிறேன். பார்க்காமல் நிறுத்தினால் நொடியின் நூறில் ஒரு பங்கு, 00 முதல் 99 வரை ஒரு எண் கிடைக்கும். நூறு வரிகள் கொண்ட அட்டவணைகளுக்கு அது கணக்காக இருக்கிறது.

அப்படி நூறு வரி அட்டவணைகளைக் கொண்ட புத்தகம் அயர்ன்ஸ்வோர்ன். ஷோன் டொம்கின் 2018இல் வெளியிட்டது, பிடிஎஃப் இலவசம். கேம் மாஸ்டர் இல்லாமல் தனியாகவோ கூட்டாகவோ விளையாடலாம். குளிர் மிகுந்த ஒரு நாடு, இரும்பின் மேல் கைவைத்துச் சபதம் செய்யும் மக்கள், அந்தச் சபதத்தை நிறைவேற்றுவதுதான் ஆட்டம். பயணத்தில் எனக்கு அதில் பிடித்த பகுதி விளையாட்டு தொடங்குவதற்கு முன்னால் வருவது. இந்த மக்கள் ஏன் பழைய நாட்டை விட்டு வந்தார்கள், இங்கே முன்பு யார் இருந்தார்கள், அரக்கர்கள் உண்மையா என்று ஒவ்வொன்றுக்கும் மூன்று பதில்களைத் தந்து, உங்கள் உலகத்துக்கு எது உண்மை என்று கேட்கிறது. யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில் போகும்போது, ஊரை விட்டு ஏன் வந்தார்கள் என்ற கேள்விக்குக் கீழே மூன்று பதில்களைப் பார்ப்பது என்னைப் போன்ற ஒருவருக்குச் சும்மா ஒரு விளையாட்டாக இருப்பதில்லை. எதைத் தெரிவு செய்தாலும் அதன்மேல் ஒரு முழு நாட்டையும் கட்ட வேண்டியிருக்கிறது. அவசரமில்லாமல் யோசிக்கிறேன்.

மௌஸ்ரிட்டர் பற்றியும் ஒரு வார்த்தை. ஐசக் வில்லியம்ஸ் எழுதியது. வாள் ஏந்திய எலிகள், பெரிய உலகம், பூனைப் பிரபுக்களும் ஆந்தை மந்திரவாதிகளும். பிள்ளைகளோடு பயணம் போனால் இதை எடுங்கள். ஏ5 அளவு, விதிகள் கொஞ்சம், படங்கள் அருமை. மலேசியக்காரர்களான ஸெடெக் சியூவும் முன்காவோவும் செய்த எ தௌசண்ட் தௌசண்ட் ஐலண்ட்ஸ் என்ற சிற்றிதழ் வரிசையையும் கிடைத்தால் விடாதீர்கள். தென்கிழக்காசிய நதிகளும் முதலைகளும் தெய்வங்களும் அதில் வருவது போல வேறெங்கும் நான் வாசித்ததில்லை. விதிகளே இல்லாத அளவுக்குக் குறைவு. ஒரு பக்கத்தில் ஒரு ஊர், ஒரு ஆள், ஒரு விசித்திரம். நம் பக்கத்துத் தீவுகளை வைத்து யாராவது இப்படி எழுத மாட்டார்களா என்ற ஏக்கம் ஒவ்வொரு தடவையும் வருகிறது.

காசு விஷயத்துக்கு வருவோம். 2022இல் சில மாதங்களுக்குள் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை போனது. அச்சுப் புத்தகத்தைக் கப்பலிலோ விமானத்திலோ தருவிப்பது அதோடு பலருக்கு எட்டாத விஷயமானது. டிஜிட்டல் பிரதிகள்தான் இந்தப் பொழுதுபோக்கை இங்கே காப்பாற்றி வைத்திருக்கின்றன. ட்ரைவ்த்ரூஆர்பிஜி தளத்தில் வாங்கினால் கோப்பு நம் கணக்கில் இருக்கும், போன் தொலைந்தாலும் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். பண்டில் ஒஃப் ஹோல்டிங் தளம் ஒரே விளையாட்டின் பல புத்தகங்களைச் சேர்த்துக் குறைந்த விலைக்குத் தருகிறது. இட்ச் தளத்தில் சிறிய படைப்பாளிகள் தங்கள் புத்தகங்களை விரும்பிய விலைக்குத் தருவார்கள். டெலிகிராமில் எல்லாம் சும்மா கிடைக்கும் என்று தம்பிமார் சொல்கிறார்கள். முறைப்படி இலவசமாகவே இவ்வளவு நல்ல புத்தகங்கள் இருக்கும்போது அது தேவையில்லை என்பதுதான் அவர்களுக்கு நான் சொல்வது. ஒருவர் இருவராக இருந்து எழுதி, வரைந்து, வடிவமைத்த புத்தகங்கள் இவை. முடிந்தபோது காசு கொடுங்கள்.

இணையத்தை நம்பிப் போகாதீர்கள். பாத்ஃபைண்டரின் விதிகள் முழுக்க ஆர்க்கைவ்ஸ் ஒஃப் நெதிஸ் தளத்தில் இலவசமாக இருக்கின்றன, ஆனால் மலைநாட்டுச் சுரங்கங்களுக்குள் அது திறக்காது. டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸுக்கான டி அன்ட் டி பியொண்ட் செயலியில் வாங்கிய புத்தகங்களை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்தால்தான் ஒஃப்லைனில் வாசிக்கலாம். கோப்பு எதுவானாலும் புறப்படும் முன் டேட்டாவை அணைத்துவிட்டு ஒருமுறை திறந்து பாருங்கள். நிறைய எடுத்துப் போகவும் வேண்டாம். ஒன்று யோசிக்க, ஒன்று தனியாக விளையாட. அதற்கு மேல் போனால் பட்டியலைப் புரட்டுவதிலேயே அநுராதபுரம் வந்துவிடும்.

இப்போது என் டேப்பில் இருப்பது கேர்ன். யோகாய் கால் 2020இல் வெளியிட்ட சின்னஞ்சிறு கையேடு. காட்டோரக் கிராமங்களும் பழங்கதைகளும் நிறைந்த விளையாட்டு. பாத்திரத்துக்கு வீரன், மந்திரவாதி என்பது போன்ற வகுப்பு எதுவும் கிடையாது, கையில் கொண்டுபோகும் பொருட்கள்தான் அவர் யார் என்பதைத் தீர்மானிக்கும். அவற்றை வைக்கப் பத்து இடங்கள் மட்டும். களைப்பும் ஒரு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே களைத்துப்போனவர் எதையாவது கீழே போட்டுவிட்டுத்தான் நடக்க வேண்டும். பையைத் தூக்கிக்கொண்டு கோட்டை ரயில் மேடையில் நின்ற எவருக்கும் இந்த விதி விளங்கும்.

கேர்னின் எழுத்துப் பகுதி க்ரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் இருக்கிறது. பெயரைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் வெளியிட்டால் யாரும் மொழிபெயர்க்கலாம், மாற்றலாம். டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளும் 2023 ஜனவரியில் க்ரியேட்டிவ் கொமன்ஸுக்கு வந்தன, ஆனால் அதன் பருமனைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. கேர்ன் கைக்கு அடக்கம். பயணங்களில் வாசித்தபடியே தமிழில் எழுதிக்கொண்டு வருகிறேன். பாத்திரத் தாள் முடிந்துவிட்டது. சண்டை விதிகளும் முடிந்துவிட்டன. பொருட்களின் பட்டியலில் விளக்கு, கயிறு, கோடரியோடு ஓலைப்பெட்டியும் கொழுக்கித்தடியும் சேர்த்திருக்கிறேன். டிசம்பர் லீவில் யாழ்ப்பாணத்தில் பெறாமக்களை வைத்து விளையாடிப் பார்ப்பதாகத் திட்டம். அதற்குள் மந்திர நூல்களின் பட்டியலை முடித்துவிட வேண்டும், அது இன்னும் பாதியில் நிற்கிறது.